நாடியும் மூச்சும்
(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். எனக்கும் அத்தகைய தலைப்பையே செயலாளர் அவர்கள் முதலில் குறித்திருந்தார். நான்தான் வேண்டிக் கேட்டு இதை மாற்றிக்கொண்டேன். நம் இதயத்தையும் மூச்சையும் நரம்பு மண்டலம் எவ்வாறு ஆள்கிறது என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். வரலாறு படித்துப் பி.ஏ., பி.எட். பட்டம் பெற்ற ஒருவனுக்கு இந்தத் தலைப்பில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. அதற்குரிய விடையை உரையின் நடுவில் சொல்லுகிறேன். அதுவரை சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் ஒரு சிறு சோதனை. நீங்கள் எல்லோரும் வலக்கை விரல்களை இடக்கை மணிக்கட்டின் மீது, கட்டைவிரல் பக்கமாக வைத்துப் பாருங்கள். நாடி துடிப்பது தெரிகிறதா? நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை அது துடிக்கும். இப்போது மூச்சை அடக்குங்கள். அரை நிமிடம் அடக்குவோர் உண்டு. பழகியவர்கள் இரண்டு நிமிடம் அடக்குவர். ஆனால் மூச்சை அடக்கியே உயிர்விட்டவர் உலகில் எவரும் இல்லை. ஒரு கட்டத்தில் உள்ளிருந்து ஏதோ ஒன்று நம்மை மீறி எழுந்து, "போதும், மூச்சு விடு" என்று கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையை யார் இடுகிறார்கள்? எங்கிருந்து இடுகிறார்கள்? அதை அறிய உலகத்து அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து வருகிறார்கள்.

இதயத்தின் தன்னாட்சி

இதயம் ஒரு விந்தையான உறுப்பு. அதற்குத் துடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதன் வலப்பக்க மேலறையின் சுவரில் ஒரு சிறு கணு உண்டு. அக்கணுவே துடிப்பைத் தோற்றுவிக்கிறது. நரம்புகளின் தொடர்பு முழுவதும் அறுந்துபோனாலும் இதயம் துடித்துக்கொண்டேயிருக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் இதைக் கண்கூடாகக் காண்கிறார்கள். நரம்பற்ற அந்த இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கிறது.

அப்படியானால் நமக்கு 70 ஆனது எப்படி? அங்கேதான் நரம்பின் ஆட்சி வருகிறது. மூளையின் அடிப்பகுதியில், முதுகுத்தண்டு தொடங்கும் இடத்திற்குச் சற்று மேலே, முகுளம் என்னும் பகுதி உள்ளது. அங்கிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்றே தட்டி நிதானப்படுத்துகிறது. இன்னொரு வகையான பரிவு நரம்புகள் அதை முடுக்கிவிடுகின்றன. ஓடும் மாட்டு வண்டிக்கு மூக்கணாங்கயிறும் தார்க்குச்சியும் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார இரயிலைப் பிடிக்க நம் நிலையப் படிக்கட்டில் ஓடி ஏறும்போது நெஞ்சு படபடப்பது முடுக்கும் நரம்பின் வேலை. இடம் கிடைத்து உட்கார்ந்து, சிறிது நேரத்தில் அது அடங்குவது வேகஸ் நரம்பின் வேலை.

வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் நின்றுவிடும் என்பதை 1845-இல் வெபர் உடன்பிறப்பினர் இருவர் காட்டினார்கள். நரம்பு இதயத்தோடு எவ்வாறு பேசுகிறது என்பதை 1921-இல் ஆஸ்திரியா நாட்டின் ஓட்டோ லோவி காட்டினார். இரு தவளைகளின் இதயங்களை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறையச் செய்தார். அந்த இதயத்தை நனைத்திருந்த நீரை எடுத்து இரண்டாம் இதயத்தில் விட்டார். அதன் துடிப்பும் குறைந்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்து அதன் வழியே செய்தி சொல்லுகிறது என்பது இதனால் விளங்கிற்று. 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில் ஆஸ்திரியாவை நாஜிகள் கைப்பற்றினார்கள். யூதராகப் பிறந்தார் என்ற ஒரே காரணத்திற்காக அவரைச் சிறையிலடைத்து, பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்டு நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். பிறப்பைக் காட்டி அறிவை அவமதிக்கும் நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதை ஈண்டுக் குறிப்பிடுகிறேன்.

மூச்சுக்குத் தன்னாட்சி இல்லை

மூச்சின் கதை வேறு. நுரையீரல் தானாக விரியாது. உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையேயுள்ள தசைகளும் இழுத்தால்தான் அது விரியும். அத்தசைகளுக்குச் சொந்தத் துடிப்பு கிடையாது. ஒவ்வொரு மூச்சுக்கும் முகுளத்திலிருந்து உத்தரவு வர வேண்டும். உத்தரவு நின்றால் மூச்சும் நின்றுபோகும். பிரெஞ்சு நாட்டு மருத்துவர் லெகல்லுவா 1812-ஆம் ஆண்டளவிலேயே முகுளத்தின் ஒரு சிறு பகுதி சிதைந்தால் மூச்சு நின்றுவிடுகிறது என்பதை முயல்களில் கண்டறிந்தார். அங்கே மூச்சின் தாளத்தைத் தோற்றுவிக்கும் சில ஆயிரம் உயிரணுக்கள் கொண்ட சிறு தொகுதியை 1991-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். நாம் உறங்கும்போதும் உறங்காமல் நம்மைக் காப்பது அந்தச் சிறு தொகுதியே ஆகும்.

மாணவர்களே, இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். இதயம் மூளையின் உத்தரவின்றியும் சிறிது நேரம் துடிக்கும். மூச்சு அவ்வாறு நிகழாது. ஆகவே மூளைக்கு அடிவிழும்போது முதலில் நிற்பது மூச்சே. இதயம் அதற்குப் பிறகும் சில நிமிடங்கள் துடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சில நிமிடங்களே ஓர் உயிரை மீட்க நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

முகுளம் கண்ணை மூடிக்கொண்டு உத்தரவிடுவதில்லை. இரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு என்று இடைவிடாமல் கணக்குக் கேட்கிறது. கழுத்தின் இருபுறமும் மூளைக்குச் செல்லும் பெருந்தமனி பிரியுமிடத்தில், அரிசி மணியளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. இரத்தத்தைச் சுவைத்துப் பார்த்து மூளைக்குச் செய்தி அனுப்பும் காவற்காரன் அது. இதை நிறுவிய பெல்ஜிய நாட்டு அறிஞர் ஹெய்மன்ஸ் 1938-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். மூச்சை அடக்கும்போது நம்மை மீறி எழும் தவிப்புக்குப் பெருங்காரணம் பிராணவாயுக் குறைவு அன்று. கரியமில வாயுவின் மிகுதியே. இதை 1905-இல் இங்கிலாந்தின் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் நிறுவினார்கள். ஹால்டேன் என்ற பெயரை நினைவில் வையுங்கள். அவரிடம் மீண்டும் வருவேன்.

நம் நாட்டின் பங்கு

இவையெல்லாம் வெள்ளைக்காரர் கண்டவை. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிட வேண்டா. இத்துறையில் உலகம் மதிக்கும் பெயர்களுள் ஒன்று ஓர் இந்தியருடையது. அவர் அவதார் சிங் பெயின்டால். 1925-இல் பர்மாவில் பிறந்தவர்; இலக்னோவில் மருத்துவம் பயின்றவர்; எடின்பரோவில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். வேகஸ் நரம்பு ஒரு கயிற்றைப் போன்றது. ஆயிரக்கணக்கான இழைகள் அதில் முறுக்கிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒற்றை இழையைப் பிரித்தெடுத்து, அது சுமந்து செல்லும் செய்தியை மட்டும் பதிவுசெய்யும் நுட்பத்தில் அவர் தேர்ந்தவர்.

தாயகம் திரும்பி, 1950-களின் நடுவில் கான்பூரில் பணியாற்றியபோது, பூனைகளிடம் நடத்திய ஆய்வில் அவர் ஒரு புதிய உணர்வேற்பியைக் கண்டார். நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்கும் அவற்றைச் சூழ்ந்த மயிரிழை இரத்தக் குழாய்களுக்கும் இடையே அமைந்துள்ள அதற்கு, பின்னாளில் 'ஜே' உணர்வேற்பி என்று பெயரிட்டார். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியவுடன் இந்த நரம்பு முனைகள் விழித்துக்கொள்கின்றன. உடனே மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடுகிறது. கை கால் தசைகள் தளர்கின்றன. "நில், இனி உழைக்காதே, உட்கார்" என்று உடல் தானே எச்சரிக்கும் முறை அது. நெல் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு மூச்சு வாங்கி முழங்கால் மடிவதைக் கண்டு "சோம்பேறி" என்று ஏசுகிறவர்கள் இதை அறிய வேண்டும். தளர்ச்சி எப்போதும் மனத்தின் குற்றம் அன்று. நரம்பின் எச்சரிக்கையாகவும் இருக்கக் கூடும்.

பெயின்டால் டெல்லி வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தின் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1981-இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். 1986-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அறிவியலில் பொய்யும் களவும் கூடா என்பதற்காகவே ஒரு சங்கம் அமைத்தார். 2004-இல் மறைந்தார்.

மெய்யை அறியும் துணிவுக்கு இன்னுமொரு சான்று சொல்லுகிறேன். இதயத் துடிப்பையே நிறுத்திக் காட்டுவோம் என்று கூறிய யோகியர் நம் நாட்டில் உண்டு. நாடி பிடித்துப் பார்த்தவர்கள் துடிப்பில்லை என்று வியந்ததும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த வெங்கர், பாக்சி ஆகியோரும், டெல்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் பேராசிரியர் பி.கே. ஆனந்தும் இதைக் கருவி கொண்டு ஆராய்ந்து 1961-இல் வெளியிட்டனர். அவர்கள் சோதித்த நால்வருள் மூவர் மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கினார்கள். அதனால் இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்தது. மணிக்கட்டில் நாடி மறைந்தது. ஆனால் இதய மின்பதிவுக் கருவியோ இதயம் துடித்துக்கொண்டிருப்பதைக் காட்டியது. நான்காமவர் துடிப்பின் வேகத்தைக் குறைக்க வல்லவராயிருந்தார், அவரும் நிறுத்தவில்லை. ஆய்வாளர்கள் அவர்களை இகழவில்லை, வணங்கவும் இல்லை. அளந்து பார்த்தார்கள். இதைத்தான் அறிவியல் மனப்பான்மை என்கிறோம். யார் சொன்னாலும் அளந்து பார்ப்பது. அளந்ததை மறைக்காமல் சொல்வது.

என் சித்தப்பாவின் மரணம்

நிற்க. இனி, வரலாற்று ஆசிரியனாகிய நான் இந்தத் தலைப்பை ஏன் எடுத்தேன் என்பதற்கு வருகிறேன்.

1985-ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். என் தந்தையின் தம்பி, என் சித்தப்பா, புறநகரில் ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யச் சென்றார். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டார்கள். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசியதாம். பிறகு மூடியருகே குனிந்து நின்ற அவர், "இப்போது நாற்றமில்லை, காற்று போய்விட்டது" என்று சொல்லிவிட்டு இறங்கினாராம். சகதியை இரண்டு முறை கிளறினார், சாய்ந்தார். மேலே நின்ற அவர் மைத்துனர் ஒரு நொடியும் யோசிக்காமல் குதித்தார். அவரும் எழவில்லை.

இரு உடல்களும் நம் சேரிக்கு வந்தன. முனி அடித்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். வீட்டுக்காரரோ, "குடித்துவிட்டு இறங்கினார்கள், என் மீது பிழையில்லை" என்றார். அந்தச் சொல்லே ஊரில் நின்றுவிட்டது. என் சித்தி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடிகாரன் மனைவி என்ற பெயரைச் சுமந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் இதைச் சொல்ல நேர்ந்தது. அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, நூலகத்திலிருந்து இரண்டு நூல்களை எடுத்து வந்து என் மேசைமீது வைத்தார். அன்று தொடங்கிய படிப்பின் பயனே இந்த உரை.

நஞ்சு செய்யும் வேலை

மலமும் சகதியும் காற்றின்றி அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானது, ஆகவே குழியின் அடியில் தங்கும். மூடியைத் திறந்து வைத்தாலும் முழுவதும் வெளியேறாது. சகதிக்குள் சிக்கியிருக்கும் வாயு, கிளறியவுடன் பொங்கி எழும்.

மிகச் சிறிய அளவில் அழுகிய முட்டை போல் நாறுவது இது. ஆனால் பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவை எட்டினால், சில நிமிடங்களில் மூக்கின் மோப்ப நரம்பே மரத்துப்போகிறது. நாற்றம் தெரியாது. என் சித்தப்பா "காற்று போய்விட்டது" என்று சொன்னாரே, காற்று போகவில்லை. அவருடைய மோப்ப நரம்பே செயலற்றுப் போயிருந்தது. 700 முதல் 1,000 பங்கு அளவில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் வழியை இந்த வாயு அடைத்துவிடுகிறது. முகுளத்தின் மூச்சு மையம் செயலிழக்கிறது. உத்தரவு நிற்கிறது. இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கையிலேயே மூச்சு நின்றுவிடுகிறது. வலிமைமிக்க ஆளாயினும், நீச்சல் வீரராயினும், மூச்சை அடக்கப் பழகியவராயினும் இதிலிருந்து தப்ப முடியாது. முனியும் இல்லை, சாராயமும் வேண்டியதில்லை.

இப்போது ஹால்டேனுக்கு வருவோம். 1895-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இலண்டனை அடுத்த ஈஸ்ட் ஹாம் கழிவுநீர் இறைப்பு நிலையத்தில் ஒரு தொழிலாளி குழிக்குள் விழுந்தார். அவரைக் காப்பாற்ற ஒருவர்பின் ஒருவராக நால்வர் இறங்கினர். ஐவரும் மாண்டனர். அந்த மரணங்களை ஆராய்ந்த ஹால்டேன், கொன்றது ஹைட்ரஜன் சல்பைடு என்று கண்டார். பத்தாண்டுகளுக்குப் பின் மூச்சின் விதியை உலகுக்கு உரைத்தவரும் இதே ஹால்டேன்தான். சாக்கடையிலும் சுரங்கத்திலும் மாண்ட ஏழைத் தொழிலாளரின் மூச்சை ஆராய்ந்த கைகளே மூச்சின் அறிவியலையும் வளர்த்தன. இலண்டனில் ஒரு பூங்காவின் சுவரில், தோழனைக் காக்கச் சென்று மாண்ட அந்த நால்வரின் பெயர்களையும் ஓட்டில் பொறித்து வைத்திருக்கிறார்கள். என் சித்தப்பாவின் மைத்துனரும் அதே செயலைத்தான் செய்தார். அவருக்குக் குடிகாரன் என்ற பெயரே மிஞ்சியது.

இவற்றை நன்கு விளங்கிக்கொண்ட பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தியிடம் சென்று உட்கார்ந்து, இங்கே உங்களிடம் சொன்னதைப் போலவே சொன்னேன். முழுவதையும் கேட்டார். அழுவார் என்று எண்ணினேன், அழவில்லை. "அவர் அன்றைக்குக் குடிக்கவில்லை என்று நான் அப்போதே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நீ படித்ததால் இப்போது கேட்பார்கள்" என்றார்.

அவையோரே, படிப்பின் பயன் என்ன என்று எத்தனையோ மேடைகளில் நான் பேசியிருக்கிறேன். என் சித்தி சொன்ன விடைக்கு மேலானதொரு விடையை நான் கேட்டதில்லை.

சட்டமும் நடப்பும்

1927-இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகியது நீரும் நமக்கு உரியது என்று நிலைநாட்டுவதற்காக. நீரை வேலியிட்டு மறுத்தவர்களால் காற்றை வேலியிட முடியவில்லை. ஆனால் காற்றில்லாத குழிக்குள் யாரை இறக்குவது என்பதை மட்டும் சாதி முடிவுசெய்து வைத்தது.

கையால் மலம் அள்ளும் பணியைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கிற்று. முதல் முறைக் குற்றத்திற்கே இரண்டாண்டு வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. இத்தகைய மரணங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. திருவனந்தபுரத்தில் 2018-இல், ஆள் இறங்காமலே குழியைத் துப்புரவு செய்யும் எந்திரத்தைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் பணியில் இறக்கினார்கள். சட்டம் இருக்கிறது, எந்திரமும் இருக்கிறது. ஆயினும் இத்தகைய சாவுச் செய்திகள் நாளேடுகளிலிருந்து மறையவில்லை. இன்று தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை, வயலாக இருந்த இடமெல்லாம் அடுக்கு வீடுகளாகிவிட்டன. வீட்டுக்கு வீடு தொட்டி. தொட்டி நிறைந்தால் நம் தெருவைத் தேடி ஒருவர் வருவார். கையில் சில நூறு ரூபாய் அதிகமாகவே வைத்திருப்பார்.

ஆகவே இளைஞர்களே, இனி நான் சொல்பவற்றைத் தயவுசெய்து வீட்டில் சென்று சொல்லுங்கள். எழுத்தறியாத பெரியவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லுங்கள்.

ஒன்று: எவ்வளவு கூலி தந்தாலும் தொட்டிக்குள் இறங்காதீர்கள். உறிஞ்சு குழாய் பொருத்திய வண்டி வரட்டும்.

இரண்டு: நாற்றமில்லை என்பது காற்று நல்லது என்பதற்குச் சான்றாகாது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறையையும் நம்பாதீர்கள். கொல்லும் அளவு நஞ்சிருந்தாலும் விளக்கு எரியும். மீத்தேன் வாயு இருந்தால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். பாழுங்கிணற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அங்கே பிராணவாயு குறைந்திருப்பதுண்டு.

மூன்று: உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உங்கள் உடன்பிறந்தவரே ஆனாலும், பின்னால் குதிக்காதீர்கள். இது கல்நெஞ்சம் அன்று. குதித்தால் இரண்டு சாவு. உடனே 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தையும் 108 என்ற எண்ணில் மருத்துவ ஊர்தியையும் அழையுங்கள். மூச்சுக் கருவி அணிந்த வீரர்களே இறங்கத் தக்கவர்கள். இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் மேலே நின்றவாறே இழுங்கள்.

நான்கு: மேலே கொண்டுவந்தவரை நல்ல காற்றுள்ள இடத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள். அசைவும் இயல்பான மூச்சும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவே இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். ஊர்தி வரும்வரை விடாமல் அழுத்துங்கள். களைத்தால் ஆள் மாற்றுங்கள். நஞ்சு உங்களையும் தாக்கக்கூடும் ஆதலால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டா. நான்கைந்து நிமிடம் பிராணவாயு எட்டாவிட்டால் மூளை கெடத் தொடங்கும் என்பதை மறவாதீர்கள். இந்தப் பயிற்சியை ஆண்டுக்கொரு முறை நம் சங்கக் கட்டடத்திலேயே நடத்த வேண்டுமென்று நிர்வாகிகளை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

நிறைவாக

மூச்சுக்கும் நம் வட்டாரத்திற்கும் பழைய உறவு உண்டு. மருத்துவர் சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் காசநோய்க்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் நம் மக்களின் நுரையீரலைக் காக்கும் பெரிய மருத்துவமனை அது. நம் அருகிலேயே செங்கல்பட்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன், அண்ணல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து நமக்காக வாதாடினார். அவர் பிறந்த மண்ணில் பிறந்த நீங்கள் மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் ஆய்வுக்கூடத்திலும் சென்று அமர வேண்டும். பெயின்டால் பிரித்தெடுத்த அந்த ஒற்றை நரம்பிழையை நம் தெருப் பெண்ணொருத்தியும் நுண்ணோக்கியின் கீழ் காண வேண்டும்.

மருத்துவராக இயலாதவர்கள் வருந்த வேண்டா. நான் மருத்துவன் அல்லன். ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு நூல்களைப் படித்தேன். அதனால் இறந்துபோன ஒருவரின் பெயரை மீட்டுக் கொடுக்க முடிந்தது. இங்கே அமர்ந்திருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் இன்றிரவு வீட்டில் ஒரே ஒருவருக்கு இதைச் சொன்னால், அடுத்த முறை மூடி திறக்கப்படும்போது யாரேனும் ஒருவர் இறங்க மறுப்பார். இறங்க மறுத்த அந்த ஒருவர் மாலையில் வீடு திரும்புவார். நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்கு அதைவிடச் சிறந்த வெள்ளி விழாப் பரிசு வேறில்லை.